பழுப்பு மட்டும் ஏன் உதிர்ந்தது?

அமெரிக்காவின் பழைய வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பெட்டிகளைத் திறப்பவர்களுக்குச் சில சமயம் ஒரு விசித்திரமான விரிப்பு அகப்படுவதுண்டு. சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டிய பல நூறு சீட்டித் துண்டுகளை ஊசி நூலால் ஒன்றோடொன்று இணைத்து, கட்டிலை மூடும் அளவுக்குப் பரப்பி, ஆயினும் போர்வையாக முடிக்காமலே யாரோ மடித்து வைத்துவிட்டுப் போன விரிப்பு அது. கொள்ளுப்பாட்டியின் கைவேலை, 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தரையில் விரித்துப் பார்க்கும் கொள்ளுப்பேத்தி, ரோஜா நிறத் துண்டுகள் இழை குலையாமல் உறுதியாக இருப்பதையும், நீலத் துண்டுகள் நிறம்கூட மங்காமல் இருப்பதையும் கண்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, அவற்றுக்கு நடுநடுவே உள்ள கரும்பழுப்புத் துண்டுகள் மட்டும் விரல் பட்ட மாத்திரத்தில் தூளாக உதிர்வதைக் காண்கிறாள். சில துண்டுகளில் இதைவிட ஆச்சரியமான காட்சி: வெள்ளைத் தரை அப்படியே இருக்க, அதன்மேல் அச்சிட்ட பழுப்புப் பூக்கள் மட்டும், கத்திரிகொண்டு வெட்டி எடுத்தாற்போல, இதழ் இதழாக ஓட்டைகளாகியிருக்கின்றன.

எல்லாத் துண்டுகளும் ஒரே வயதின. ஒரே கையால் தைக்கப்பட்டு, ஒரே பெட்டியில், ஒரே இருட்டில் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கிடந்தவை. அப்படியிருக்கப் பழுப்புக்கு மட்டும் இந்தக் கதி நேர்ந்தது எதனால்? பாதியில் நின்ற அந்த வேலையைக் கையால் தைத்து முடிக்க விரும்புகிறவர் ஊசியில் நூல் கோப்பதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி இதுதான்; விடை தெரியாமல் தைக்கப் புகுந்தால் மீதமிருப்பதையும் தம் கையாலேயே கிழித்துவிடக்கூடும்.

முதலில் பொருளைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். குயில்ட் எனப்படும் போர்வை மூன்று அடுக்குகள் கொண்டது: ஒட்டுத்துண்டுகளால் ஆன மேல்துணி, நடுவே பஞ்சுப் படலம், கீழே ஒரே துணியாலான அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவி மேலும் கீழுமாக ஓடும் சின்னஞ்சிறு தையல் வரிசைகளே அவற்றை ஒரு போர்வையாக்குகின்றன. மேல்துணியை இணைக்கும் வேலையை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பு வேலைக்கும் குழந்தை அழுகைக்கும் இடையில் கிடைக்கும் பொழுதில், வீட்டில் மிஞ்சிய துணியைக்கொண்டே செய்துவிடலாம். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கோ கட்டில் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம், அச்சட்டம் கொள்ளும் அறை, காசு கொடுத்து வாங்கிய பஞ்சு, முடிந்தால் அயலகத்துப் பெண்கள் நாலைந்து பேரின் உதவி ஆகிய இத்தனையும் வேண்டும். ஆகவேதான் மணமோ மரணமோ ஊர்ப் பெயர்ச்சியோ குறுக்கிட்ட குடும்பங்களில் மேல்துணிகள் மேல்துணிகளாகவே நின்றுவிட்டன.

அவ்வாறு நின்றுபோனதில் ஆராய்ச்சியாளனுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. முடிந்த போர்வையில் பஞ்சும் அடித்துணியும் மூடிவிடுகிற பின்புறம், முடியாத மேல்துணியில் திறந்தே கிடக்கிறது. அங்கே ஒவ்வொரு தையலுக்கும் இருபுறமும் கால் அங்குல அகலத்தில் மடிந்து கிடக்கும் ஓரங்கள், நூறு ஆண்டுகளாக வெளிச்சமும் கைபடுதலும் அறியாதவை. மேற்பரப்பின் நிறத்தை அந்த ஓரத்தின் நிறத்தோடு ஒப்பிட்டால் எது வெளுத்தது, எது வெளுக்கவில்லை என்பது உடனே தெரிந்துபோகும். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி மடக்கிப் பார்த்தால் துணியின் பலமும் தெரிந்துபோகும். தைத்து மூடிவிட்டபின் இந்தச் சாட்சியை யாரும் விசாரிக்க முடியாது. எனவே தைப்பதற்கு முன் பின்புறத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து வைத்துக்கொள்வது, என் கருத்தில், இந்த வேலையின் முதற்கடமை.

அந்த ஓரங்களின் துணைகொண்டே நம் புதிரில் சந்தேகத்துக்கு உரியவர்களை ஒவ்வொருவராக விலக்கிவிடலாம். வெளிச்சம் துணியை இற்றுப்போகச் செய்யும் என்பது மெய். ஆனால் வெளிச்சமே காணாத மடிப்புக்குள்ளும் பழுப்பு பொடிந்திருக்கிறது. ஆகையால் வெளிச்சம் அன்று. துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கம்பளியும் பட்டும்தான் ஆகாரம், பருத்தி அன்று. வேறு பூச்சி ஏதேனும் வந்திருந்தாலும் அது பூவின் விளிம்பை மதித்து வெள்ளைத் தரையை விட்டுவிட்டுத் தின்றிருக்காது. மேல்துணியைப் போர்த்திக்கொண்டு யாரும் உறங்கியதில்லை, துவைத்ததும் இல்லை. ஆகவே உபயோகத்தால் வந்த தேய்மானமும் அன்று. எல்லாவற்றையும் விலக்கியபின் எஞ்சி நிற்பது சாயம் ஒன்றே.

பருத்திக்குப் பல சாயங்கள் இயல்பாகப் பிடிப்பதில்லை. மஞ்சிட்டி இனத்து வேரைக் கொதிக்கவைத்த நீரில் வெறும் பருத்தித் துணியை அமிழ்த்தி எடுத்தால், அழுக்குச் சிவப்பாக ஏறும் நிறம் இரண்டு அலசலில் போய்விடும். அதே துணியை முன்னதாகப் படிகாரத்தில் தோய்த்திருந்தால் நிறம் ஆழமாகவும் நிலையாகவும் ஊன்றிக்கொள்கிறது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் பருத்தியையும் மறுபக்கம் சாயத்தையும் பற்றிக்கொண்டு இரண்டையும் பிணைப்பதால் வரும் பயன் இது. இப்படிப்பட்ட பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர். இதில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது: நிறமூன்றியை மாற்றினால் ஒரே வேர், ஒரே அண்டாவில், வேறு வேறு நிறம் தரும். படிகாரம் இட்ட இடம் சிவக்கும், மெல்லிதாக இட்ட இடம் ரோஜாவாகும். இரும்பின் உப்பு இட்ட இடம் கறுக்கும், மெல்லிதாக இட்டால் ஊதாவாகும். இரண்டையும் கலந்து இட்டால் நமது கரும்பழுப்பு. நிறமற்ற மருந்துகளைத் துணியில் தடவி ஒரே கொப்பரையில் போட்டுப் பல நிறங்களோடு எடுக்கும் எகிப்தியரின் வித்தையைக் கண்டு ரோமானிய ஆசிரியர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே வியந்து எழுதியிருக்கிறார்.

இந்த வித்தையில் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்களை மிஞ்சியவர்கள் நெடுங்காலம் வேறு எங்கும் இல்லை. கடற்கரை மணலில் தோண்டி எடுத்த சாயவேரைக் கொண்டு, கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், சிவப்புக்குப் படிகாரமும் கறுப்பு வரைகோட்டுக்குக் காடியில் ஊறிய இரும்பின் நீரும் வைத்து அவர்கள் தீட்டிய சீட்டிகள், பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் செல்வர் வீட்டுக் கட்டில்களை அலங்கரித்தன. வெட்டி ஒட்டிய பழைய போர்வைகளிலும் அவை இடம்பெற்றன. 1734-ஆம் ஆண்டை ஒட்டிப் பாண்டிச்சேரியில் பொலியூ என்னும் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, சாயம் ஏற்றும் முறையைப் படிப்படியாகப் பார்த்து எழுதியதோடு நில்லாமல், ஒவ்வொரு படியிலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். 1742-இல் கேர்து பாதிரியாரும் தாம் அறிந்த முறையைக் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். மேல்நாட்டு அச்சுச் சாயத் தொழில் இவற்றால் ஊட்டம் பெற்றது. மாஞ்செஸ்டரிலும், பிற்பாடு அமெரிக்காவில் லோவல் நகரின் மெரிமாக் ஆலையிலும் டோவர் நகரின் கோச்சீக்கோ ஆலையிலும், உருளைகளில் மைல் கணக்காக அச்சிட்ட சீட்டிகளில் வேர் மாறியது, வேகம் மாறியது; 1868-இல் கிரேபெ, லீபர்மான் என்ற ஜெர்மானியர் இருவர் அவ்வேரின் சாயப்பொருளான அலிஸரினை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டிய பிறகு வேரே வேண்டாததாயிற்று. ஆனால் சிவப்புக்கு அலுமினியம், கறுப்புக்கும் பழுப்புக்கும் இரும்பு என்ற விதி மட்டும் மாறவில்லை. 1870, 1880-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பழுப்புச் சீட்டிக்கு இருந்த மோகத்தால், அக்காலத்துக் குயில்டுகளில் இரும்பு நிரம்பக் கிடக்கிறது.

இரும்பு அங்கே என்ன செய்கிறது என்பதை அறியப் பருத்தி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பருத்தியின் சாரமான செல்லுலோஸ், குளுகோஸ் என்னும் சர்க்கரையின் அணுத்திரள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. செடியில் வெடித்த பஞ்சில் இச்சங்கிலி ஒவ்வொன்றும் பல்லாயிரம் கண்ணிகள் கொண்டது. வெளுத்துத் துணியாக்கும் முறைகளில் அது ஓரளவு அறுபட்டுக் குறையும். ஆனால் இழையின் முழு நீளத்துக்கும் ஓடும் சங்கிலி என்று ஒன்று கிடையாது. தென்னை நாரால் திரித்த தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சாணுக்கு மிகுந்த நார் சொற்பம். ஆயினும் நூறு கஜ வடம் மலைபோன்ற தேரை இழுக்கிறது, ஒவ்வொரு நாரும் தன் பக்கத்து நார்களோடு போதிய தூரம் அணைந்து கிடப்பதால். அந்த நார்களையெல்லாம் அங்காங்கே நறுக்கினால் முதலில் வடத்துக்கு ஒன்றும் நேர்ந்ததாகத் தோன்றாது, துண்டுகள் இன்னும் அணைந்தே கிடக்கும். நறுக்கி நறுக்கி ஒவ்வொன்றும் விரற்கடை அளவானபின், பார்வைக்கு அதே வடமாக இருந்தும், இழுத்த இழுப்பில் பிரிந்துபோகும். செல்லுலோஸ் சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு இப்படி அணைந்தே பலம் பெறுகின்றன. அதனால்தான் பழுப்புத் துணி நெடுங்காலம் நன்றாக இருப்பதாகவே தோன்றிப் பிறகு உதிரத் தொடங்குகிறது. சங்கிலிகள் சில நூறு கண்ணிகளாகக் குறைந்த கட்டத்தில் பலம் வேகமாக வீழ்ச்சியடைகிறது. நல்ல துணி என்று நம்பி எடுத்த கை ஏமாறும் கட்டம் அது.

கண்ணுக்கு எட்டாத சங்கிலியின் நீளத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்பது நியாயமே. செப்பு உப்பும் அம்மோனியாவும் சேர்ந்த ஒரு நீலத் திரவத்தில் பருத்தி கரையும். கரைத்த நீரை நுண்ணிய கண்ணாடிக் குழாய் வழியே ஒழுகவிட்டால், நீண்ட சங்கிலிகள் உள்ளது குழகுழவென்று மெதுவாகவும், குறுகிய சங்கிலிகள் உள்ளது தண்ணீர் போலச் சடுதியிலும் இறங்கிவிடும். இறங்கும் நேரத்திலிருந்து சராசரி நீளத்தைக் கணக்கிடலாம். ஹெர்மான் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மானிய ரசாயனி, இத்தகைய மாபெரும் சங்கிலி மூலக்கூறுகள் உண்டு என்று 1920-இல் சொன்னபோது நகைத்தவர்கள் பலர். இந்த ஒழுகல் சோதனையையும் துணையாகக்கொண்டு அவர் தம் கட்சியை நிலைநாட்டினார். 1953-இல் நோபெல் பரிசும் வந்தது. ஒரு சிட்டிகை நூல் இருந்தால் அதன் முதுமையை இன்று இப்படி எண்ணால் சொல்லிவிடலாம்.

இனி, சங்கிலியை அறுப்பது யார்? இரண்டு பேர் கூட்டாகச் செய்கிறார்கள். ஒன்று அமிலம். சாயத்துக்குப் பயன்பட்ட அன்னபேதி போன்ற இரும்பு உப்புக்களில் இருந்து துணியில் தங்கிவிடும் அமிலம், காற்றின் ஈரத்தைத் துணையாகக்கொண்டு, இரு கண்ணிகளுக்கு இடையில் ஒரு நீர் மூலக்கூறைப் புகுத்தி இணைப்பைப் பிரிக்கிறது. நீராற்பகுப்பு என்பது இதன் பெயர். மற்றொன்று இரும்பே. 1894-இல் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர், புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்தை ஹைட்ரஜன் பெராக்சைடோடு கலந்து பார்த்தார். ஒன்றும் பெரிதாக நிகழவில்லை. அதிலே அணுவளவு இரும்பு உப்பைச் சேர்த்ததும் அமிலம் மளமளவென்று சிதைந்தது. இரும்பு பெராக்சைடை உடைத்து, எதைக் கண்டாலும் பாய்ந்து பற்றும் மகா உக்கிரமான ஒரு துணுக்கைப் பிறப்பிக்கிறது. அது பக்கத்தில் உள்ளதைச் சிதைக்கிறது. துணியிலும் காற்றின் பிராண வாயுவிலிருந்து பெராக்சைடு சிறுகச் சிறுக உண்டாகிறது, இரும்பு அதை உடைக்கிறது, பிறந்த துணுக்கு செல்லுலோஸ் சங்கிலியைக் கடிக்கிறது, அந்தக் கடியிலிருந்து மேலும் பெராக்சைடு உண்டாகிறது. இத்தனையிலும் இரும்பு செலவாவதே இல்லை. நிலை மாறி நிலை மாறி மீண்டும் பழைய நிலைக்கே வந்து அடுத்த காரியத்துக்கு ஆயத்தமாகிறது. இப்படித் தான் அழியாமல் பிறவற்றின் மாற்றத்தைத் துரிதப்படுத்தும் பொருளைக் கிரியா ஊக்கி என்பார்கள். படிகாரத்தின் அலுமினியத்துக்கு இவ்வாறு நிலை மாறும் சக்தி இல்லை. ஆகையால்தான் ரோஜாத் துண்டு தப்பியது.

இந்த விளக்கம் வெறும் ஊகமன்று என்பதற்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று திசைகளிலிருந்து சாட்சி வருகிறது. கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைக் கலந்து மை காய்ச்சுவது நம் நாட்டில் பழைய வழக்கம். ஐரோப்பியர் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்தில் பூச்சி கட்டும் காய்களைப் பயன்படுத்தினார்கள். துவர்ப்புப்பொருளும் இரும்பும் சேர்ந்த அந்த மையால் எழுதிய பழைய ஏடுகளில் எழுத்துள்ள இடம் மட்டும் தாள் அரித்துச் சல்லடையாகியிருப்பதை நூலகத்தார் நன்கு அறிவர். இரண்டாவது சாட்சி நியூசிலாந்தின் மாவோரி மக்களின் மேலாடைகள். ஒருவகைக் கற்றாழைபோன்ற செடியின் நாரைத் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்து இரும்பு மிகுந்த சேற்றில் புதைத்துக் கறுப்பாக்குவார்கள். அருங்காட்சியகங்களில் அந்தக் கறுப்பு நார்கள்தான் முதலில் பொடிகின்றன. செடி வேறு, தேசம் வேறு, இரும்பு ஒன்று. மூன்றாவது ஆய்வுக்கூடச் சாட்சி. சாயமிட்ட துணியையோ மையிட்ட தாளையோ வெப்பமும் ஈரமும் நிறைந்த பெட்டியில் வாரக்கணக்கில் வைத்து, வருஷங்களில் நேர்வதை விரைந்து நேரச் செய்து பார்க்கிறார்கள். அமிலத்தை மாத்திரம் முறித்தால் சேதம் குறைகிறதேயன்றி நிற்பதில்லை. இரும்பையும் கட்டிப்போட்டால்தான் நிற்கிறது. இரும்பைக் கட்டிப்போடத் தவிட்டிலும் விதைகளிலும் உள்ள ஃபைட்டிக் அமிலத்தின் உப்பைத் தாளுக்குப் பயன்படுத்தும் முறையை 1990-ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்தின் நீவெல் கண்டார். கட்டுப்படாத இரும்பு தாளில் உண்டா என்று அறியவும் ஒரு சோதனைக் காகிதம் இருக்கிறது. ஈரப்படுத்தி ஒற்றினால், இரும்பு இருக்குமிடத்தில் அது இளஞ்சிவப்பாகும். தாளுக்கு உகந்த அந்த வைத்தியத்தை வீட்டுத் துணிக்குச் செய்யத் துணிவது புத்திசாலித்தனமன்று; துணி வல்லுநர்களே அதைத் தயங்கித்தான் அணுகுகிறார்கள்.

எல்லாப் பழுப்பும் உதிர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே விரிப்பில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பழுப்புகளில் ஒன்று தூளாகவும் ஒன்று திடமாகவும் இருக்கக் காணலாம். இதற்கு ஒரு காரணம் ஆலையின் சிரத்தை. நிறமூன்றியை அச்சிட்டபின், துணியோடு பிணையாமல் நிற்கும் மிச்ச இரும்பையும் அமிலத்தையும் நீக்குவதற்காக, மாஞ்செஸ்டர் ஆலைகளில் துணியை எதில் முக்கினார்கள் தெரியுமா? வெந்நீரில் கரைத்த பசுஞ்சாணத்தில்! சாணத்தில் உள்ள பாஸ்பேட்டுகள் முதலியவை அந்த வேலையைச் செய்கின்றன என்று தெரிந்தபின், சாணத்துக்குப் பதிலாகப் பாஸ்பேட் உப்புக்களையே தொட்டியில் போடத் தொடங்கினார்கள். இந்த அலசலில் நேரத்தையும் செலவையும் மிச்சம் பிடித்த மலிவுத் துணியே பிற்காலத்தில் கொள்ளுப்பேத்தியின் கையில் உதிர்கிறது. தவிர, 1863-இல் லைட்ஃபுட் கண்ட அனிலின் கறுப்பு போன்ற சாயங்களும் உண்டு. அவற்றைத் துணியில் உண்டாக்கும்போதே தேவைப்படும் அமிலமே பருத்தியை நலியச் செய்துவிடும். துணியின் நிறத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லாமல் ஓர இழையை மடக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

1880-ஆம் ஆண்டுகளில் நாகரிகமாயிருந்த பட்டுத்துண்டுக் குயில்டுகளின் கதை இன்னும் பரிதாபமானது. பட்டு நூலின் பசையை நீக்கும்போது எடையில் சுமார் கால் பங்கு போய்விடும். எடைக்கு விலை பேசும் வியாபாரிகள் அதை ஈடுகட்டவும், ஈட்டுக்கு மேலே ஏற்றவும், வெள்ளீய உப்புக்களைப் பட்டுக்கு ஊட்டினார்கள். அந்தப் பட்டு மடிப்பு மடிப்பாகக் கீறி நார் நாராகிவிட்டது. கழித்த ஓர் இழையைக் கொளுத்தினால் நல்ல பட்டு உருண்டு கரியும், வெள்ளீயம் ஏறிய பட்டோ இழையின் உருவம் கெடாமல் சாம்பலாக நிற்கும். இத்தகைய மேல்துணியை முடிக்க முயல வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்; மேலே ஒரு தையல் போட இடமிராது.

பருத்தி மேல்துணிக்கு வருவோம். முடிக்கலாம் என்று தீர்மானித்த பிறகு முதலில் தோன்றும் ஆசை துவைத்துவிடலாம் என்பது. அதை அடக்கிக்கொள்வது நல்லது. பின்புறத்து ஓரங்கள் தண்ணீரில் இழை பிரிந்து சிக்கிக்கொள்ளும். ஈரத்தில் கனத்த விரிப்பைத் தூக்கும்போது அதன் பாரமெல்லாம் பலமற்ற துண்டின்மேல் விழும். சாயம் கசியும் அபாயமும் உண்டு. படிகாரமும் எண்ணெயும் மஞ்சிட்டிச் சாயமும் சேர்ந்து இழைக்குள்ளேயே கரையாத பொருளாகிவிட்ட துருக்கிச் சிவப்பு நூறு சலவைக்கும் அசையாது. 1884-இல் வந்த காங்கோ சிவப்பின் வழியில் தோன்றிய சாயங்களோ, நிறமூன்றி இல்லாமலே பருத்தியில் நேராக ஏறும் வசதிக்கு விலையாக, பிடிப்புக் குறைந்தவை. பார்வைக்கு இரண்டும் சிவப்பே. ஒவ்வொரு நிறத்தின் ஓரத்திலும் ஈர வெள்ளைத் துணியைச் சில நிமிஷம் ஒற்றிப் பார்த்தால் யார் யார் என்று தெரியும்.

இஸ்திரிப் பெட்டியிலும் எச்சரிக்கை வேண்டும், நீராவிப் பெட்டியானால் இன்னும் அதிகமாக. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரும்பின் காரியம் துரிதமாகும் என்றுதானே ஆய்வுக்கூடத்தார் அந்தச் சூட்டுப் பெட்டியை வைத்திருக்கிறார்கள்? சுருக்கங்களை விரித்துப் போட்டு, மேலே சுத்தமான கனத்த துணியைப் பரப்பி நாள் கணக்கில் விட்டுவிட்டால் போதுமானது. மூன்று அடுக்குகளையும் தற்காலிகமாகப் பிணைக்க எஃகுக் குண்டூசிகளைக் குத்திவைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மாதக்கணக்கில் நீளும் வேலையில் ஒன்றிரண்டு துருப்பிடித்தால் நாமே புது இரும்பை விதைத்தவர்களாவோம். நீண்ட நூலோட்டமே உத்தமம்.

உதிர்ந்த பழுப்பை என்ன செய்வது? அறுத்து எடுத்துப் புதுத்துண்டு வைக்கலாம். அல்லது அக்கால மோஸ்தரில் இன்று அச்சிடும் சீட்டியில் ஒரு துண்டை மேலே வைத்துச் சுற்றிலும் தைத்துப் பழையதை அடியில் பாதுகாக்கலாம். அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வலைத்துணியை மேலே போர்த்தி, சுற்றியுள்ள திடமான துண்டுகளின் விளிம்பில் அதைத் தைத்து நிறுத்தலாம். இரண்டாவதும் மூன்றாவதும் பின்னால் வருபவர் விரும்பினால் பிரித்துவிடத் தக்கவை என்பதால் அவற்றையே நான் விரும்புவேன்.

தையல் எங்கே ஓட வேண்டும் என்பதையும் இந்த ரசாயனமே தீர்மானிக்கிறது. அமெரிக்கப் பாட்டிகள் விரும்பிய விசிறி வடிவ வளைகோடுகள் அழகானவை. ஆனால் அவை எந்தத் துண்டையும் பாராமல் எல்லாவற்றின்மேலும் ஓடுபவை, பழுப்பையும் குத்திக்கொண்டே போகும். திடமான ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி அதன் வடிவத்தையே தொடர்ந்து ஓடும் தையல் மேலானது. பின்புறத்து மடிப்புகளின் தடிப்பை ஊசி ஊடுருவ வேண்டியதில்லை, பலமற்ற துண்டுக்குப் பாரமும் போகாது. தேர்ந்த கைகள் அங்குலத்துக்கு எட்டு, பத்துத் தையல் போடும். தையல் மிகுந்தால் பாரம் பகிர்ந்துபோகும் என்பது உண்மையே, துளையும் மிகும் என்பதும் உண்மையே. பழந்துணிக்கு ஆறு தையல் போதும், போட்டிக்கா தைக்கிறோம்? நூல் பருத்தி நூலாக, துணியைவிடச் சற்றுப் பலம் குறைந்ததாக இருக்கட்டும். என்றாவது இழுபட்டால் நூல் அறுந்து துணி பிழைக்க வேண்டும். நூலை மறுபடி போடலாம். யந்திரத் தையலைவிடக் கைத்தையல் இங்கே உசிதம் என்பதற்கும் ரசிகத்தன்மை மட்டும் காரணமன்று. கையின் மெல்லிய ஊசி பாவுக்கும் ஊடைக்கும் நடுவே வழி தேடிப் புகுகிறது, இழை அறுவதை விரலே உணர்ந்து நின்றுவிடும்; நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் குத்தும் யந்திரத்துக்கு அந்த உணர்ச்சி இல்லை. சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சற்றே தளரவிட்டு, வேலை முடிந்த மாலையில் இன்னும் தளர்த்திவிட வேண்டும்.

தையல் வரிசைகளுக்கு இடையே எத்தனை தூரம் விடலாம் என்பது நடுவில் வைக்கும் பஞ்சைப் பொறுத்தது. பருத்திப் பஞ்சின் இழை சுமார் ஓர் அங்குல நீளமே உள்ளது. பழைய காலத்துப் படலத்தில் இழைகளைப் பிணைக்க எதுவும் இல்லாததால், ஓரிரண்டு அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓடாவிட்டால் பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். பாட்டிமார் நெருக்கி நெருக்கித் தைத்ததில் அழகுணர்ச்சிக்குச் சமமாக இந்த நிர்ப்பந்தமும் இருந்தது. இன்று ஆயிரக்கணக்கான முள்ளூசிகளால் குத்திச் சிக்கவைத்த படலங்களில் எட்டு அங்குலம் வரை இடைவெளி விடலாம். பலமற்ற துண்டுகளைச் சுற்றிக்கொண்டு போகும் சுதந்திரம் இதனால் கிடைக்கிறது. பருத்திப் படலம் முதற் சலவையில் சுருங்கும். சுருங்கினால் மேல்துணியின் தையல்களை இழுக்கும். ஆகவே படலத்தையும் அடித்துணியையும் முன்னதாகவே நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும், நனைக்கத் தக்க வகையாக இருந்தால். பஞ்சைப் பற்றிப் பேசும்போது ஒரு கட்டுக்கதையையும் விலக்கிவிடலாம்: பழைய போர்வையை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது கரும்புள்ளிகள் தெரிந்தால், 1794-இல் காப்புரிமை பெற்ற விட்னியின் பஞ்சரைவை யந்திரத்துக்கு முன்னைய கையரைவைப் பஞ்சு அது என்று சொல்வார்கள். யந்திரத்தில் அரைத்த மலிவுப் பஞ்சிலும் கொட்டைத் தோலும் இலைத்துணுக்கும் தாராளமாகக் கிடந்தன. புள்ளியை வைத்து வயது சொல்ல இயலாது.

அரியதொரு மேல்துணியானால் முடிக்காமலே விட்டுவிடுங்கள் என்று அருங்காட்சியகத்தார் சொல்வார்கள். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் உள்ள சர்வதேசக் குயில்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில், முடியாதவை முடியாதவையாகவே போற்றப்படுகின்றன. திறந்த பின்புறம் ஒரு தஸ்தாவேஜு அல்லவா? ஆனால் ஆயிரக்கணக்கில் உள்ள சாதாரணமான வீட்டு விரிப்புகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. பெட்டியில் மடித்து வைத்தாலும் இரும்பு தன் வேலையை நிறுத்தப் போவதில்லை. மடிப்புக் கோடுகளில் அது துணியை இன்னும் விரைவாக முறிக்கும். திடமான துண்டுகளுக்கு ஆதாரம் கொடுத்துத் தைத்து, ஈரமும் சூடும் இல்லாத அறையில் மடிக்காமல் உருளையில் சுற்றி வைத்த போர்வை, மடித்த மேல்துணியைவிட நெடுநாள் இருக்கும் என்றே எண்ணுகிறேன்.

தைத்து முடித்தவர் ஒரு காரியம் மறவாமல் செய்ய வேண்டும். மேல்துணி இணைத்த காலம், போர்வையாக முடித்த ஆண்டு, இட்ட பஞ்சின் வகை, மாற்றிய துண்டுகளின் விவரம் ஆகியவற்றை அடித்துணியின் மூலையில் பதிந்து வைக்க வேண்டும். இன்றைய வெள்ளை நூல்களில் பலவற்றில் துணியைப் பளிச்சென்று காட்டும் பொருள் கலந்திருப்பதால் புற ஊதாக் கதிரில் அவை நீலமாக ஒளிர்ந்து தம் இளமையைத் தாமே சொல்லிவிடும் என்றாலும், வரப்போகும் ஆராய்ச்சியாளனை அந்தச் சிரமத்துக்கு உள்ளாக்குவானேன்? அந்த விவரத்தை மையால் எழுத வேண்டாம். 1840-ஆம் ஆண்டுகளில் நண்பர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த குயில்டுகளில் இரும்பு மை பட்ட பெயர்கள் பல துணியைத் தின்றுகொண்டு போய்விட்டன. சிறு துணியில் நூலால் எழுத்தைத் தைத்து, அதை நான்கு ஓரமும் மடித்து இணைத்துவிடலாம்.